பொத்தான் எண் ஒன்று

வியாழக்கிழமை பதினோரு மணிக்குப் பட்டியல் வந்தது. நான் முப்பத்தொன்பதாம் இடத்துக்கு இறங்கியிருந்தேன்.

முப்பத்தைந்துக்குள் இருப்பவர்களுக்கு மாலை ஆறிலிருந்து பத்தரை வரை உண்டு. அந்த நேரத்தில் சமைக்கலாம், சாப்பிடலாம், சண்டை போடலாம், மனைவியோடு பேசிக்கொண்டிருக்கலாம். முப்பத்தைந்துக்குக் கீழே போனால் மதியம் இரண்டரையிலிருந்து மூன்று வரைதான். மற்ற நேரத்தில் நாம் இருக்க மாட்டோம். அதில் வலி எதுவும் கிடையாது. பட்டியலைப் படிப்பதற்கு மட்டும் வாரத்தில் ஒருநாள் எல்லோருக்கும் ஐந்து நிமிடம் கொடுப்பார்கள்.

எங்கள் ஊரில் தொலைக்காட்சியில் எங்களைத்தான் காட்டுகிறார்கள். யாரை ஊர் அதிகம் பார்க்கிறது என்பதுதான் பட்டியல். கேமரா எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. கேட்பது மரியாதை இல்லை.

பட்டியலைப் பால் பூத் சுவரில் ஒட்டியிருந்தார்கள். பதினேழாவது வாரமாக முதலிடம் கோதண்டபாணிக்கு. எங்களுக்குக் கீழ்வீட்டுக்காரர். வாரத்தில் ஆறு நாள் எட்டு மணிக்கு மாடிப்படியில் உருண்டு விழுவார். எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு "அய்யோ" என்பார். வேறு எதுவும் செய்ய மாட்டார். இரண்டாமிடம் ஏ பிளாக் மருமகளுக்கு. அவள் கையிலிருந்து பாயசத் தட்டு நழுவப்போகிறது. ஒன்பது வாரமாக நழுவப்போகிறது. மூன்றாமிடம் பி பிளாக்கில் ஒரு குடும்பத்துக்கு. அவர்கள் கூடத்தில் வட்டமாக நிற்பார்கள். யாராவது ஒருவர் ஏதாவது சொல்வார். உடனே எல்லோரும் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்ப்பார்கள், ஆளுக்கு மூன்று தடவை.

ஒரு முகம் திரும்புவதை மூன்று தடவை பார்க்க ஓர் ஊரே தட்டும் கையுமாக உட்காருகிறது என்றால் அந்த ஊருக்கு மழை பெய்வதே அதிகம். இதுதான் என் அபிப்பிராயம். இதை நான் பலமுறை சத்தமாகச் சொல்லியிருக்கிறேன்.

நான்காமிடம் மலர்க்கொடிக்கு. மலர்க்கொடி என் மனைவி. மூன்று மாதம் முன்பு குக்கர் மூடி காலில் விழுந்து அழுதாள். அழும்போது தற்செயலாக வெளிச்சத்தின் பக்கம் திரும்பி நின்றுவிட்டாள். ஊருக்குப் பிடித்துப்போனது. அன்றிலிருந்து ஏறிக்கொண்டே இருக்கிறாள். அவள் தப்பு எதுவும் இல்லை.

என் பெயருக்குக் கீழே சிவப்பு மையில் ஒரு வரி இருந்தது. "அடுத்த வியாழன் முதல் இவருக்குப் பதில் இவர்." பக்கத்தில் ஒருவருடைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. தலைமுடி என்னைவிட அதிகம்.

இது புதிதல்ல. போன மாதம் டி பிளாக்கில் ஒரு மாமனாரை மாற்றினார்கள். புது மாமனார் பழையவரைவிட ஒரு முழம் உயரம். வீட்டில் யாரும் எதுவும் சொல்லவில்லை. மருமகள் அதே டம்ளரில் அவருக்குக் காபி கொடுத்தாள். பழையவர் அதன் பிறகு பால் பூத் பக்கம் வந்தபோது யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

கோதண்டபாணி என் தோளைத் தொட்டார்.

"என்ன சார், இறங்கிட்டீங்களா?"

"இறங்கிட்டேன்."

"விழுந்து பாருங்க சார். நம்ம படிதானே. நான் எட்டுக்கு விழறேன். நீங்க எட்டே காலுக்கு விழுங்க."

"எனக்கு எட்டே கால் கிடையாது. இனிமே ரெண்டரைதான்."

"ரெண்டரைக்கு விழுந்து என்ன பிரயோசனம்" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். இடுப்பில் புது பெல்ட் கட்டியிருந்தார். ஊர் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது.

மலர்க்கொடி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். போட்டோவைப் பார்த்தாள்.

"என்னங்க, இந்தாளு யாரு?"

"எனக்குப் பதில்."

"மூக்கு வேற மாதிரி இருக்கே."

"ஆமா."

"எனக்கு இந்தாளு வேணாம். ஏதாவது பண்ணுங்க."

அவள் கண் கலங்கியது. உடனே நான்கு பேர் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். ஒருவர் கையில் முறுக்கு இருந்தது.

"அழாத. இன்னும் ஏறிடுவ" என்றேன்.

"அடக்க முடியலிங்க."

ஐந்து நிமிடம் முடிந்தது.

மறுநாள் இரண்டரைக்கு நான் இருந்தேன். வீட்டில் யாரும் இல்லை. கொடியில் மலர்க்கொடியின் புடவை காய்ந்துகொண்டிருந்தது. முந்தைய மாலை துவைத்தது. நான் சட்டையை மாட்டிக்கொண்டு தரவரிசை அலுவலகத்துக்குக் கிளம்பினேன். அது எங்கள் மாடியிலேயே இருக்கிறது, நடைவழியின் கடைசியில். வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் பலகை தெரியும்.

எதிர்வீட்டு ஜெயசீலி அம்மாள் வாசலில் அடுப்பை வைத்து வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார். அவர் ஆறு வருடமாக இரண்டரை மணிக்காரர்.

"எங்க கிளம்பிட்டீங்க தம்பி?"

"ஆபீசுக்கும்மா. மேல ஏத்தச் சொல்லிக் கேக்கப் போறேன்."

"பொன்னிறமா வரணும்" என்றார்.

"எது?"

"வெங்காயம். அதுக்கு அப்புறம்தான் தக்காளி."

ஆறு வருடமாகத் தக்காளி பக்கத்தில் காத்திருந்தது.

நான் நடந்தேன். நடைவழி நீண்டது. பலகை அதே தூரத்தில் இருந்தது. மூன்று மணிக்கு ஒரு தீயணைப்பு வாளிக்குப் பக்கத்தில் என் முகம் அப்படியே நின்றது.

சனிக்கிழமை அந்த வாளிக்குச் சற்று முன்னாலிருந்து தொடங்கினேன். முதல் ஐந்து நிமிடம் நேற்று கடைசியாக நடந்த ஐந்து நிமிடத்தை மறுபடி நடக்க வேண்டும். அது விதி. மறந்துபோனவர்களுக்காகவாம். என்னை யார் பார்த்தார்கள், யார் மறந்தார்கள்? ஆனாலும் நடந்தேன். ஐந்தாவது நிமிடத்தில் வாளிக்குப் பக்கத்தில் ஒரு டிபன் கேரியர் இருப்பதைப் பார்த்தேன். மலர்க்கொடி மாலையில் நான் நின்ற இடத்தைத் தேடி வந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். இட்லி, சட்னி. மூடியில் காலண்டர் தாள் ஒன்று மடித்துச் செருகியிருந்தது.

"நீங்க இல்லாம வீடு நல்லாவே இல்ல. சாயங்காலம் எப்பவும் போல உங்க பட்டனையும் நானே அமுக்கி வெச்சிடறேன். பக்கத்துல இருக்கற மாதிரி இருக்கு. சீக்கிரம் வாங்க."

என்ன பொத்தான் என்று எனக்குத் தெரியவில்லை. சட்னி நன்றாக இருந்தது. நின்றுகொண்டே சாப்பிட்டேன். எனக்கு அழுகை வந்தது. யாரும் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் இல்லை. மதியம் சினிமா போட்டார்கள்.

திங்கட்கிழமை அலுவலகம் வந்துவிட்டது. கவுண்டருக்குப் பின்னால் நாகலிங்கம் என்று பெயர்ப்பலகை வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். மேஜையில் ஒரு பெரிய நோட்டு இருந்தது.

"சொல்லுங்க."

"நான் இறங்கிட்டேன்."

"தெரியும். நாங்கதான் எறக்கினோம்."

"என்னை யாருமே பாக்கலையா?"

"பாக்கல."

"ஒருத்தர்கூடவா?"

நோட்டைப் புரட்டினார். "ஒருத்தர் நடுவுல வந்திருக்காரு. நாலு செகண்டு. ரிமோட் மேல தெரியாம உக்காந்துட்டாராம்."

ஒரு படிவத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

"வீட்ல என்ன பண்ணுவீங்க?"

"பேப்பர் படிப்பேன். பூரி போட்டா கிழங்கு மசிச்சுக் குடுப்பேன். வெள்ளிக்கிழமை நகம் வெட்டுவேன்."

"யாரையாவது அறைவீங்களா?"

"இல்ல."

"ஒரே அறைய மூணு பக்கத்துலேர்ந்து?"

"இல்ல சார்."

"விஷம்?"

"இல்ல."

"செத்துட்டதா நெனச்ச அண்ணன் யாராவது திரும்பி வருவாரா?"

"எனக்கு அண்ணன் கிடையாது."

"அது ஒரு தடையில்ல" என்றார். பேனாவை மூடினார். "நீங்க ரொம்ப ஒழுங்கா இருக்கீங்க சார். மக்கள் அதக் கேக்க மாட்டேங்கறாங்க."

"மக்களுக்கு மூளை இல்ல" என்றேன்.

"அது எங்க டிபார்ட்மென்ட் இல்ல" என்றார். மூன்று மணி ஆகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை முதல் ஐந்து நிமிடம் அண்ணன் இல்லை என்பதை மறுபடி ஒருமுறை சொல்லி முடித்தேன். பிறகு கவுண்டரைப் பிடித்துக்கொண்டேன். எனக்குக் கோபம் வந்திருந்தது. பகல் ஒளிபரப்பை அரை மணியாகக் குறைப்பதற்கு முன்பு நான் தராசு முத்திரை இலாகாவில் இருந்தவன். கடை கடையாகப் போய் எடைக்கல்லைச் சோதிப்பேன். இருபத்தொரு வருடம். ஒரு தராசு பொய் சொன்னால் எனக்குத் தூரத்திலிருந்தே தெரியும்.

"மக்கள் மக்கள்னு சொல்றீங்களே, எந்த மக்கள்? எப்படி எண்ணினீங்க? காட்டுங்க" என்றேன்.

"மக்கள்னா ஒரு வீடு சார்."

"ஒரு வீடா?"

"எல்லார் வீட்லயும் பெட்டி வெச்சா கரண்டு தாங்குமா? ஒரு வீட்ல வெச்சோம். அந்த வீடு பாத்தா ஊரு பாத்த மாதிரி. டிவி முன்னாடி உக்காந்தா அவங்கவங்க பட்டன அமுக்கணும். அவ்ளோதான்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு வீடு. அந்த ஒரு வீட்டுக்காரன் வாயைப் பிளந்துகொண்டு கோதண்டபாணியைப் பார்த்திருக்கிறான். அவனால் நான் நடைவழியில் நிற்கிறேன், என் மனைவி யாரோ ஒருவனுக்குக் காபி போடப்போகிறாள்.

"அந்த முட்டாள் எந்த வீட்ல இருக்கான்?"

"அதச் சொல்லக்கூடாது" என்றார் நாகலிங்கம். சொல்லிவிட்டு நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தார்.

சி பிளாக், இரண்டாம் மாடி, கதவு எண் ஏழு. பொத்தான் எண் ஒன்று, ஆண், வயது நாற்பத்தாறு. பொத்தான் எண் இரண்டு, பெண், வயது நாற்பத்தொன்று.

கதவு எண் ஏழு என் வீடு. நாற்பத்தாறு என் வயது.

கீழே நாள்வாரியாக எழுதியிருந்தது. எட்டு மணி, கோதண்டபாணி, பொத்தான் ஒன்று, முழுவதும் பார்த்தார். எட்டரை, பாயசத் தட்டு, பொத்தான் ஒன்று, முழுவதும் பார்த்தார். ஒன்பது, திரும்பிப் பார்க்கும் குடும்பம், பொத்தான் ஒன்று, முழுவதும் பார்த்தார். ஒன்பதரை, மலர்க்கொடி சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே அழுவது, பொத்தான் ஒன்று, முழுவதும் பார்த்தார்.

"நான் திட்டிக்கிட்டேதான் சார் பாத்தேன்" என்றேன்.

"அதுக்குத் தனியா பட்டன் இல்ல."

"பேப்பர் படிச்சுக்கிட்டு, அதுக்கு மேலாப்புல..."

"பாத்தீங்களா, இல்லியா?"

"பாத்தேன்."

"ஒருநாள் விட்டீங்களா?"

"சனிக்கிழமை அவர் விழ மாட்டார்."

"அத விடுங்க. விழற நாள்ல?"

"விடல" என்றேன்.

"இப்பத்தான் நாலஞ்சு நாளா சாயங்காலத்துல நான் அங்க இல்லையே. அப்பவும் எழுதியிருக்கீங்களே" என்று கேட்டேன். "பட்டன் இருக்கே" என்றார்.

அப்போது ஞாபகம் வந்தது. இரண்டு வருடம் முன்பு இருவர் வந்தார்கள். கையில் ஒரு பெட்டி இருந்தது. டிவிக்குப் பின்னால் வைக்கலாமா என்று கேட்டார்கள். நான் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. "எதை வேணா வெச்சுக்குங்க. இந்த வீட்ல யாரும் அந்தக் கண்றாவியப் பாக்கறதில்ல" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அதை நான் ஸ்டெபிலைசர் என்று நினைத்திருந்தேன். ஆயுதபூஜைக்குப் பொட்டு வைத்திருக்கிறேன். இருபத்தொரு வருடம் தராசு சோதித்தவன் வீட்டிலேயே ஊர்த் தராசு உட்கார்ந்திருந்தது.

ஆனால் இதில் ஒரு வழி இருந்தது. அது நாகலிங்கத்துக்கும் தெரியும். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நாளைக்கு ரெண்டரைக்கு அந்த வீட்ல டிவியப் போட்டு, பட்டன் ஒண்ண அமுக்கி, உங்களயே நீங்க மூணு மணி வரைக்கும் பாத்தீங்கன்னா, ஊரே உங்களப் பாத்த மாதிரி ஆயிடும். நான் சொல்லல."

வீட்டுக்கு ஓடினேன். திரும்பும்போது நடைவழி பதினோரு அடிதான் இருந்தது. சாவியைப் போடும்போது மூன்று மணி.

புதன்கிழமை. இதை விட்டால் வேறு நாள் கிடையாது. முதல் ஐந்து நிமிடம் சாவியை மறுபடி போட்டேன். உள்ளே போனேன். டிவியைப் போட்டேன். பெட்டிக்கு ஒரு சின்ன ரிமோட் இருந்தது. மலர்க்கொடி அதற்குக் குரோஷா உறை பின்னி வைத்திருந்தாள். பொத்தான் ஒன்றை அழுத்தினேன். என்னைக் கண்டுபிடித்தேன். சோபாவின் வலது ஓரத்தில் உட்கார்ந்தேன். அது என் இடம். இடது ஓரம் அவளுடையது.

திரையில் ஒருவர் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அது நான். அவர் பார்த்த டிவியிலும் ஒருவர் உட்கார்ந்திருந்தார். யாரும் எதுவும் செய்யவில்லை.

இருபத்தைந்து நிமிடம். மலர்க்கொடியை நினைத்துக்கொண்டேன். மாலை ஆறு மணிக்கு அவள் கதவைத் திறக்கும்போது நான் இருப்பேன். பூரிக்குக் கிழங்கு மசிப்பேன். இருபத்தைந்து நிமிடம் ஒரு விஷயமே இல்லை.

நான்காவது நிமிடத்தில் திரையில் இருந்தவர் மூக்கைத் தேய்த்தார். நன்றாக இல்லை. ஏழாவது நிமிடத்தில் உதட்டைச் சுழித்தார். எதையோ கேவலமாகப் பார்க்கும் முகம் அது. அந்த முகம் எனக்கு இருப்பது எனக்குத் தெரியாது. மலர்க்கொடி பதினெட்டு வருடமாக இதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறாள். ஒன்பதாவது நிமிடத்தில் அவருடைய காது என்னைத் தொந்தரவு செய்தது. பத்தாவது நிமிடத்தில் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது: இவரை ஊர் பார்க்காததற்கு ஊர்மீது குற்றம் சொல்ல முடியாது.

பதினோராவது நிமிடத்தில், ஒரு நிமிடம் மட்டும் என்று அடுத்த சேனலுக்குப் போனேன். கோதண்டபாணியின் மறு ஒளிபரப்பு ஓடிக்கொண்டிருந்தது. விழும் நேரம். விழுந்ததும் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். அவர் மேல்படியில் நின்று செருப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். போன வாரம் இந்தச் செருப்பு இல்லை. பெல்ட்டும் புதுசு. பெல்ட் கட்டிக்கொண்டு எப்படி விழுவார்? எனக்கு அது தெரிய வேண்டியிருந்தது.

"இதெல்லாம் ஒரு நிகழ்ச்சியா" என்று சத்தமாகச் சொன்னேன்.

அவர் நான்காவது படியில் இருக்கும்போது மூன்று மணி ஆனது.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குப் பால் பூத்தில் கூட்டம். கோதண்டபாணிக்கு மாலையிலும் முதலிடம், மதியத்திலும் முதலிடம். மலர்க்கொடி மூன்றாமிடம். அவளுக்குக் கீழே என் பெயர் இருந்தது. ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். பெயருக்குப் பக்கத்தில் அந்தப் போட்டோ இருந்தது. பெயர் அவருக்குப் போய்விட்டது. நான் அறுபத்தோராம் இடத்தில் இருந்தேன். "முன்னவர்" என்று போட்டிருந்தார்கள்.

அவரே வந்து கை குவித்தார்.

"வணக்கம் சார். நான்தான் உங்களுக்குப் பதில்."

"வணக்கம்."

"சட்டை நாப்பதா?"

"நாப்பத்திரெண்டு."

"சமாளிச்சுக்கறேன்" என்றார். நல்ல மனிதர்போலத்தான் இருந்தது.

மலர்க்கொடி என் முன்னால் வந்து நின்றாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பெட்டி அவளுக்கு எப்போதுமே தெரியும். எனக்கும் தெரியும் என்று நினைத்திருக்கிறாள்.

"அரை மணி நேரம்தானே?"

"பதினோரு நிமிஷம் பாத்தேன்."

"அப்புறம்?"

"கோதண்டபாணி விழப்போனாரு."

அவள் என்னையே பார்த்தாள். அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் அழவில்லை. சுற்றி நின்றவர்கள் சற்று நேரம் பார்த்துவிட்டுக் கலைந்துபோனார்கள்.

"டிபன் கேரியர் வாளிகிட்டயே இருக்கு. எடுத்து வந்துடுங்க" என்றாள். ஐந்து நிமிடம் முடிந்தது.

இப்போது எனக்கு இரண்டரை மணிக்கு வீட்டிலேயே இருக்க அனுமதி உண்டு. முன்னவர்களுக்கு அந்தச் சலுகை இருக்கிறது. இரண்டரைக்கு மலர்க்கொடியும் அவரும் இருக்கும் முந்தைய மாலையை மறுபடி போடுகிறார்கள். நான் பொத்தான் ஒன்றை அழுத்திவிட்டுப் பார்க்கிறேன். ஒருநாளும் விட்டதில்லை. அவருக்குக் கிழங்கு மசிக்கத் தெரியவில்லை, கட்டி கட்டியாக நிற்கிறது. நான் திட்டுகிறேன். அவர் பேப்பரை மடிக்கும் விதம் சரியில்லை. அதையும் திட்டுகிறேன். வேலையற்ற ஊர் இதைப் போய்ப் பார்க்கிறதே என்று தோன்றும். எதிர்வீட்டில் வெங்காயம் வதங்குகிறது.

மூன்றாவது வாரம் அவர்கள் இருவரும் முதலிடத்துக்கு வந்துவிட்டார்கள். கோதண்டபாணி படியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாராம். யாரும் பார்க்கவில்லை.

நேற்று மலர்க்கொடி திரையில் இரண்டு தட்டுகளோடு கூடத்துக்கு வந்தாள். அவர் சோபாவின் இடது ஓரத்தில், அவள் இடத்தில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு தட்டைக் கொடுத்தாள். சோபாவைச் சுற்றி வலது பக்கம் வந்தாள். அங்கே யாரும் இல்லை.

"கொஞ்சம் நகந்து உக்காருங்க" என்றாள்.

அவர் காதில் விழவில்லை. அவள் அவர் பக்கம் பார்க்கவும் இல்லை.

நான் நகர்ந்து உட்கார்ந்தேன்.